எஸ்எஸ்டி மாற்றலாம், பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: 2018-ல் வாங்கிய லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஆன் செய்தால் திரை வரவே ஐந்து நிமிடம். எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடும், புது விண்டோஸுக்குத் தனியாகக் காசு, பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் கடைக்காரர். என் ஃபைல்கள் போய்விடுமா?

பதில்: எஸ்எஸ்டி தாராளமாகப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முனை நகர்ந்து, ஒவ்வொரு துண்டையும் தேடிப் பிடிக்க வேண்டும். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை. நொடிக்கு 100 எம்பி அளவில் திணறிக்கொண்டிருந்தது 500-ஐ எட்டும். ஃபைல்களும் போகாது, குளோன் செய்வது பழைய டிஸ்க்கை முழுதாக எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதுதான், பழையதில் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் மற்ற இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றினால் அது எங்கும் போகாது. குளோன் செய்யாமல் புதிதாகப் போடுவதானாலும், அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். சில கடைகளில் இதற்குக் காசு வாங்கிக்கொண்டு, ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு, உரிமம் இருப்பதுபோல ஏமாற்றும் கிராக் மென்பொருளைப் போட்டுத் தருகிறார்கள், அதில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போகிறீர்கள்.

அப்புறம் அந்த எக்ஸ்சேஞ்ச். "ஃபார்மேட் பண்ணிடுவேன் சார்" என்பார். குவிக் ஃபார்மேட் செய்தால் பட்டியல்தான் அழியும், ஆதார் ஸ்கேன், குடும்பப் படங்கள் என்று பெரும்பாலானவற்றை இலவச மென்பொருளிலேயே மீட்டுவிடலாம். கையோடு வாங்கி வந்து ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இப்போதே டிக் டிக் என்று சத்தம் போட்டால் மட்டும், குளோனுக்கு முன் முக்கியமானதை வேறு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

எதை வாங்குவது? பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். உள்ளே எம்.2 ஸ்லாட் (சின்ன கார்டு வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) காலியாக இருக்கிறது, அதில் போடலாம் என்று யாராவது சொன்னால் பொறுங்கள். எம்.2 என்பது வடிவம்தான். டிஸ்க் லேப்டாப்போடு பேசும் முறை வேறு, அந்த வடிவத்தில் பழைய முறையான சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. சில ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், சிலது என்விஎம்இயை மட்டும், சிலது இரண்டையும். கார்டு அழகாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் ஏறும், லேப்டாப்புக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள், பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு "2 டிபி" என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன சிப், பெரியதாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள், உண்மையான அளவு நிரம்பியதும் ஃபைல்கள் கெட ஆரம்பிக்கும். விற்பனைத் தளங்கள் இதை இன்னும் முழுதாகக் களையெடுக்கவில்லை. சீரியல் எண் போட்ட பில்லோடு தெரிந்த பிராண்டை வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆஃப் செய்யுங்கள், ஆஃப் செய்யாமல் விடுவதானால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கேஸில் போட்ட பழைய டிஸ்க் உங்களுக்கே திறக்காது.