தும்புத்தடியும் டிமைத் தாளும்

மதிப்புக்குரிய சேர்,

மாணவியாக இருந்த காலம் முதல் உங்கள் எழுத்தை வாசித்து வருகிறேன். இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. நியமனம் கிடைத்து இது இரண்டாவது வருடம். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள்.

நாற்பது நிமிடப் பாடவேளை என்பது நேரசூசியில் மட்டும்தான். முதலாம் பாடவேளை என்றால் காலைப் பிரார்த்தனை நீண்டுவிடுகிறது. பிறகு வரவு இடாப்பு. பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை ஏதாவதொரு அறிவித்தலுடன் வாசலில் வந்து நிற்கும். மிஞ்சிய நேரத்தில் ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள குழுச் செயற்பாட்டைத் தொடங்கினால், “இந்தப் பாடம் ரியூசனில் முடிந்துவிட்டது ரீச்சர், நோட்ஸ் தாருங்கள்” என்கிறார்கள். ஆசிரிய ஆலோசகர் வரும் நாளில் சுவரில் டிமைத் தாள்கள், அதாவது குழுக்கள் எழுதிய பெரிய தாள்கள், தொங்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களை எப்போது செய்விப்பீர்கள் என்பது பெற்றோரின் கேள்வி. அடுத்த வாரம் நீரின் வன்மை, சவர்க்காரம் இலகுவில் நுரைக்காத தன்மை, படிப்பிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் போதிய சோதனைக் குழாய்கள் இல்லை. செயற்பாட்டை விட்டுவிட்டு நோட்ஸ் கொடுத்துவிடலாமா? இப்படிக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

நோட்ஸ் கொடுப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு விடயத்தை வரிசையாகச் சொல்லி, கரும்பலகையில் தெளிவாக எழுதி, பிள்ளைகளைக் கொப்பியில் எழுத வைப்பதும் படிப்பித்தல்தான். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தலைமுறைகள் அப்படித்தான் படித்து வந்தன. வெண்கட்டியைக் கையில் எடுத்தாலே பழைமைவாதி என்று பார்க்கும் பயிற்சிப் பட்டறைக்காரர்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நீரின் வன்மையை மட்டும் நோட்ஸில் முடித்துவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இடாப்பு. அது தின்னும் நேரத்தைப் பற்றிச் சலித்துக்கொள்கிறீர்கள். வகுப்பாசிரியர் அல்லாத நாள்களில் தலைகளை எண்ணினால் போதும். வகுப்பாசிரியராக இருக்கும் நாளில் ஒவ்வொரு பெயரையும் முழுமையாகக் கூப்பிடுங்கள். ஒரு பிள்ளை அன்று முழுவதும் எந்தக் கேள்விக்கும் கை உயர்த்தாமல், எந்த ஆசிரியரின் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடலாம். அதன் பெயர் உரத்து ஒலிப்பது இடாப்பில் மட்டும்தான். போரால் வலிகாமமே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, பழைய இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்ட ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இடாப்பு நேர விரயம் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி டிமைத் தாள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு தாளும் ஒரு மார்க்கர் பேனாவும் கொடுக்கிறோம். கையெழுத்து அழகான பிள்ளை பேனாவை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று தாள் பறக்காமல் மூலையைப் பிடிக்கும். ஒன்று ஓரத்தில் பூங்கரை கீறும். மற்ற மூன்றில் இரண்டு மேசைக்குக் கீழே ரியூசன் கணக்குச் செய்யும். மூன்றாவது யன்னலால் மைதானத்தைப் பார்க்கும். கடைசியில் எழுதிய பிள்ளையே முன்னால் வந்து வாசிக்கும், நாங்கள் கைதட்டுவோம். தாளில் இருப்பது பாடநூலின் பந்திதான், எழுத்து மட்டும் பெரிது. 2007 கலைத்திட்ட மாற்றத்தோடு ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள் வந்தன. கண்டறிதலைத் தவிர்த்து மற்ற நான்கையும் செய்யப் பழகிவிட்டோம்.

பிள்ளைகளுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது, அதைப் பழக்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். நீங்கள் ஒரு நாள் ஏழே காலுக்கு வகுப்பறை வாசலில் நின்று பாருங்கள். அன்றைய துப்புரவு முறை அதே ஆறு பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். ஒன்று புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்கிறது. இரண்டு பேர் கதிரைகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்க்கிறார்கள். அவர்கள் ஒரு வரிசையை முடிக்க, தும்புத்தடியால் கூட்டுபவள் அந்த வரிசைக்குள் நுழைகிறாள். விறாந்தையில் ஒருவன் விளக்குமாற்றோடு நிற்கிறான். உள்ளேயிருந்து குப்பை வரும்வரை அவன் தன் பக்கத்தை முடிக்க முடியாது. ஆறாவது ஆள் குப்பைவாளியோடு. மணி அடிக்க முன்னர் வேலை முடிந்துவிடுகிறது. பேனா பிடிக்க வாய்ப்பில்லாமல் யன்னலைப் பார்த்த அதே பையன் இங்கே மற்றவர்களை ஏவிக்கொண்டிருப்பான். நவராத்திரியில் உங்கள் வகுப்பின் பூசை நாளையும் கவனியுங்கள். அவல் யார், கடலை யார், தேங்காய் துருவுவது யார், கோலம் யார் என்று நாங்கள் வாய் திறக்க முன்னரே பிரித்திருப்பார்கள்.

ஆக, பழக்கம் இருக்கிறது. நாங்கள் கொடுக்கும் வேலையில்தான் கோளாறு. ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையை ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். அதிலும் விடை ஏற்கனவே ரியூசன் கொப்பியில் இருந்தால், அந்த ஒருவரும் பார்த்துத்தான் எழுதுவார்.

விடை யாருக்கும் தெரியாத செயற்பாடு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி என்ற கல்விக்கூடத்தில் 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து அப்படியொன்று நடந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் சொன்ன கணிப்பும் செமினரியின் கணிப்பும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்க எல்லோரும் இரவில் கூடி வானத்தைப் பார்த்தார்கள். குறிப்பை எழுதி வைத்தவர்கள் மிஷனரிமார், ஆகவே வென்றது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களது நோக்கத்தில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அன்றிரவு எந்த மாணவனும் “நோட்ஸ் தாருங்கள்” என்று கேட்டிருக்கமாட்டான்.

உங்கள் நீரின் வன்மைக்கு வருவோம். உலகத்தில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்க யாழ்ப்பாணத்தைவிட வாய்ப்பான இடங்கள் அதிகம் இருக்காது. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கை ஆறும் மாரியில் மட்டும் ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரை நம்பித்தான், அந்த நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் இறங்கி, கல்சியத்தோடு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பிறந்தது முதல் பார்த்துவரும் பிள்ளைகளுக்கு, வன்னீர் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் சொல்லி எழுத வைக்கிறோம்.

வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் இந்தப் பாடம் நடக்கும்போது பின்வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். குழாய்கள் இல்லை என்று அந்த ஆசிரியர் கவலைப்படவில்லை. ஒரே அளவு சிறிய பிளாஸ்ரிக் போத்தல்களில் அவரவர் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொன்னார். மூடியில் ஊர்ப் பெயர். எல்லாப் போத்தலிலும் ஒரே மட்டத்துக்கு நீர். சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் மூடிக் குலுக்கி, நுரை கலையாமல் நிற்கும்வரை எண்ண வேண்டும். தொட்டியில் பிடித்த மழைநீரில் சில துளிகளிலேயே நுரை நின்றுவிட்டது. கிணற்று நீரில் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரைதான் மிதந்தது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போனார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிணறுகளுக்கே எண்ணிக்கை வேறாக வந்தபோது சண்டை பிடித்தது. “நீ குலுக்கியது காணாது” என்று ஒருத்தி, “உன் துளி பெரிது” என்று மற்றவள். இருவரும் திரும்பச் செய்தார்கள். ஆசிரியர் தலையிடவில்லை. வேலணையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி, உவர் ஏறிய கிணற்று நீரைக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய போத்தல் நுரைக்க மறுத்தது. வகுப்பில் பாதி அவள் மேசையைச் சூழ்ந்தது. வீட்டில் தலை முழுகுவது எந்தத் தண்ணீரில் என்று கேட்டார்கள். அவளும் சொன்னாள், நன்றாகவே சொன்னாள்.

இதில் ஒருவருக்காக இன்னொருவர் செய்ய முடியாது, ஏனென்றால் கிணறு வேறு. ரியூசன் நோட்ஸில் பார்க்கவும் முடியாது. கொதித்து ஆறிய நீரையும் ஒரு போத்தலில் வையுங்கள். துளிகள் குறைவதைக் கண்டபின் கேத்தில் படிவையும் தற்காலிக வன்மையையும் இரண்டு வசனத்தில் முடித்துவிடலாம். மாரி முடிந்து தை மாதத்தில் அதே கிணறுகளில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறுமா என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படி ஒன்று அமையாது. தவணைக்கு ஒன்று உருப்படியாக நடந்தால் போதும் என்பது என் கணக்கு. மற்ற நாள்களில் கூச்சமில்லாமல் நோட்ஸ் கொடுங்கள்.

நேரசூசியில் கை வைக்க முடிந்தால் ஒன்று செய்யுங்கள். காலையில் பிள்ளைகள் ஓரளவு தெளிவாக இருக்கும் பாடவேளையை விளக்கத்துக்கு வைத்துக்கொண்டு, இடைவேளைக்குப் பிறகு வரும் ஐந்தாம் ஆறாம் பாடவேளையைச் செயற்பாட்டுக்கு விடுங்கள். தகரக் கூரை காய்கிற அந்த நேரத்தில் யார் பேசினாலும் தூக்கம் வரும். அவர்களில் பலர் விடியற்காலை ரியூசனை முடித்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தவர்கள். ஒன்றரைக்கு மணி அடித்தபின் மறுபடி ரியூசன் வாங்கில் இருக்கப் போகிறவர்கள். ரியூசனைத் திட்டிப் பயனில்லை, பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம்.

ஆசிரிய ஆலோசகருக்காகத் தனியாக எதையும் தயாரிக்க வேண்டாம். ஊர்ப் பெயரும் துளி எண்ணிக்கையும் உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். டிமைத் தாளில்தான் இருக்க வேண்டும் என்றால் டிமைத் தாளிலேயே எழுதி ஒட்டுங்கள். அதையே பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரிடம் கடந்தகால வினாத்தாள் செய்விக்கும் திகதியைச் சொல்லிவிடுங்கள். திகதி தெரிந்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

கடைசியாக, செய்முறையில் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள். சலவைத்தூளைப் பயன்படுத்த வேண்டாம். அது வன்னீரிலும் நுரைக்கும், வித்தியாசமே தெரியாது. சன்லைற் போன்ற கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரையுங்கள். கரைப்பதற்கு மழைநீரையே எடுங்கள். கிணற்று நீரில் கரைத்தால் கரைசலே திரைந்து, நாற்பது போத்தலும் வீணாகிவிடும்.