பாக்கிப் பணத்துக்காகப் போலீசுக்குப் போகலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 29, ஒரு மகன் இருக்கிறான். கடனை அடைக்க வாடகைத் தாயாக இருக்கச் சம்மதித்தேன். தரகர் ஐந்து லட்சம் பேசினார். கைக்கு வந்தது ஒன்றரை லட்சம். முத்திரைத்தாளில் எழுதி, கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பணம் வாங்கவில்லை என்று கோர்ட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அந்தத் தம்பதி போனை எடுப்பதில்லை, குழந்தையையும் காட்டவில்லை. புகார் கொடுக்கட்டுமா?

பதில்: குழந்தையைக் காட்டாததை விடுங்கள், சகோதரி, சட்டப்படி அது அவர்கள் குழந்தை. தரகரையும் இப்போதைக்கு விடுங்கள். நான் பயப்படுவது உங்கள் கணவரின் கையெழுத்தைப் பார்த்துத்தான்.

2021ஆம் ஆண்டு வாடகைத் தாய் சட்டத்தில் மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் அனுமதிக்கும் செலவுகள் தவிர எதைக் கொடுத்தாலும் குற்றம். பாக்கி மூன்றரை லட்சத்தை எந்தக் கோர்ட்டும் வாங்கித் தராது. அதைவிட மோசம் 42ஆவது பிரிவு. பணத்துக்காக நடந்தது என்றால், கணவரோ தம்பதியோ உறவினரோ அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எப்படி நிரூபிப்பார்? ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஜாமீனில் விடமுடியாத குற்றம்; பிறகு மனம் மாறினாலும் சமரசம் செய்ய முடியாது. பணம் கேட்கப் போய்க் கணவரை உள்ளே தள்ளிவிட்டு அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கோர்ட் கையெழுத்தும் பொய்ச் சாட்சியமாக உங்கள் மேலேயே திரும்பும்.

‘பணம் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்’ என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினீர்களா? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் அதற்குப் பெயர் மிரட்டிப் பணம் பறித்தல். எதிர்த்தரப்பு வக்கீல் அதற்காகத்தான் காத்திருப்பார். அனுப்பியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்; எதையும் அழிக்காதீர்கள்.

டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் கட்டணம் உண்டு, சுமந்தவளுக்கு மட்டும் கூலி கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுனாமிக்குப் பிறகு வடசென்னை எர்ணாவூரில் சிறுநீரகம் விற்ற பெண்களில் பலருக்கும் பேசிய தொகை வரவில்லை. தடை இருந்தும் தரகர்கள் பிழைத்தார்கள். ஆனால் இன்று இருக்கிற சட்டம் இதுதான்.

சமாதானமாகப் போங்கள். வக்கீல் மூலம், ரசீதுகளோடு, மருத்துவச் செலவை மட்டும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்கும் சேர்த்து 36 மாதக் காப்பீடு உங்கள் உரிமை. பாலிசி நகலை முதலில் வாங்குங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். முத்திரைத்தாளை அவரிடம் மட்டும் காட்டுங்கள்.