மேசையில் முதலில் வர வேண்டியது எது? மின்னணு இசைக்கருவிப் பழுதுபார்ப்பு: கேள்வி பதில்

கீபோர்டு, சின்தசைசர், மின்னணுச் சுருதிப்பெட்டி, மேடை ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றைத் தாமே பழுதுபார்த்துச் சோதிக்க மேசை அமைக்க விரும்புவோரின் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். மின்சாரத்தில் கை வைக்கும் வேலை என்பதால், கருவிகளின் விலையைவிட அவற்றைச் சேர்க்க வேண்டிய வரிசையைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு மேடைக் கலைஞர்: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எல்லோரும் முதலில் ஆசிலோஸ்கோப் வாங்கச் சொல்கிறார்கள். சரிதானா?

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கடைசியில் வரட்டும். முதலில் மேசையைப் பாருங்கள். 61 கட்டைகள் உள்ள கீபோர்டு ஏறக்குறைய மூன்றேகால் அடி நீளம் இருக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு, கழற்றிய மூடியையும் பக்கத்தில் வைக்க ஐந்தடிப் பலகையாவது வேண்டும். பலகை மரமாகவோ பிளைவுட்டாகவோ இருக்கட்டும். இரும்பு மேசையில் திறந்த போர்டை வைத்து மின்சாரம் கொடுப்பது விபத்துக்கு வழி. கவிழ்த்த கீபோர்டின் கட்டைகள் அழுந்தாதபடி இரு முனையிலும் தடித்த ஸ்பாஞ்சுத் துண்டுகளை வையுங்கள். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே போட்டுவைக்க முட்டை அட்டையைவிட நல்ல பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து வோல்ட், ஓம் முதலியவற்றை அளக்கும் ஒரு நல்ல மல்டிமீட்டர், ஈயத்தால் பற்றவைக்க வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் அயர்ன், சீரிஸ் பல்பு (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்) ஆகிய மூன்றும் வேண்டும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். முனையை 330 முதல் 350 டிகிரிக்குள் வைத்து, இரண்டு மூன்று விநாடிகளில் வேலையை முடித்துவிட்டால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து வராது. இந்த மூன்றையும் கொண்டு ஓராண்டு வேலை செய்த பிறகு ஆசிலோஸ்கோப் வாங்குங்கள். காது கேட்கும் எல்லையே 20 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால், ஒலி வேலைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள பழைய இரட்டைச் சேனல் கருவியே தாராளம்.

கோவையிலிருந்து: சீரிஸ் பல்பு என்பது என்ன? எல்.இ.டி. பல்பைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தக் கூடாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். பழுதான கருவிக்குப் போகும் பேஸ் கம்பியின் நடுவே ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பதே சீரிஸ் பல்பு. 230 வோல்ட், 100 வாட் பல்பின் இழை எரியும்போது 529 ஓம் மின்தடை காட்டும். குளிர்ந்த நிலையில் அது ஏறக்குறைய 40 ஓம்தான். ஆகவே கருவி குறைவாக மின்சாரம் இழுக்கும்போது பல்பு வழிவிடுகிறது. உள்ளே ஷார்ட் இருந்தால் தானே எரிந்து மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் அடக்கிவிடுகிறது. புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியில் புகைந்துபோகாமல் காப்பது இந்தக் குணம்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயரை இதன் வழியே போட்டால், பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். மங்காமல் நின்று எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, டயோடுகளையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் பாருங்கள். கீபோர்டுக்கு 60 வாட் போதும்; பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு 100 வாட் பல்புகளை இணையாகப் போடலாம். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரில், அவற்றைச் சூடாக்கும் ஹீட்டர்கள் தொடர்ந்து மின்சாரம் இழுப்பதால் பல்பு ஓரளவு எரிந்துகொண்டேதான் இருக்கும். சுவிட்ச் மோடு அடாப்டர் (கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இலேசான வகை) விட்டுவிட்டுத் துடிக்கக்கூடும் என்பதால், அதை மட்டுமே வைத்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பல்பு கருவியைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. ஷாக் அடிப்பது அப்படியே அடிக்கும்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: ஆசிலோஸ்கோப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் பாதுகாப்பாக அளக்கலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிலோஸ்கோப் புரோபின் கிரவுண்டு கிளிப் உள்ளே எர்த்துடன் இணைந்தது. சுவிட்ச் மோடு சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினால் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும் என்பது உண்மை. அதற்கு மருந்தாக எர்த்தை வெட்டினால், ஆசிலோஸ்கோப்பின் உலோகப் பாகங்களிலேயே மெயின்ஸ் மின்சாரம் வந்து நிற்கும். நான் தொழில் பழகிய கடையில் எர்த் வெட்டிய ஒரு ஸ்கோப் இருந்தது. அதன் குமிழைத் திருப்ப எல்லோரும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு பழக்கம் உங்களுக்கு வேண்டாம்.

மெயின்ஸிலிருந்து கருவியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, பழுதான கருவியை அதில் இணையுங்கள். ஸ்கோப் எர்த்துடனேயே இருக்கட்டும். ஆனால் இதிலும் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. கிளிப்பை மாட்டிய உடனேயே அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடுவதால், மற்றப் புள்ளிகளைத் தொட்டால் பழையபடி ஆபத்துத்தான். மேலும், ஐசொலேஷனுக்குப் பின்னால் நீங்கள் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால், சுவரில் உள்ள 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அதை அறியாது, விழவும் விழாது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்க முடியாதவர்கள் இரண்டு சேனல்களிலும் பத்து மடங்கு புரோபுகளை (வோல்ட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டுபவை) மாட்டி, கிளிப்புகளைத் தொங்கவிடாமல் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து: ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் முழு ஒலியளவில் எப்படிச் சோதிப்பது? பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.

8 ஓம், 100 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை ஸ்பீக்கருக்குப் பதிலாக இணையுங்கள். அலுமினிய உடலுள்ள ரெசிஸ்டர்களில் எழுதியிருக்கும் 100 வாட், சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்கில் பதித்தால்தான் பொருந்தும். மேசையில் வெறுமனே கிடத்தினால் பலகை கருகும். சைன் அலையை உள்ளே கொடுத்து, ஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகும் இடத்துக்குச் சற்றுமுன் நிறுத்தி, வெளியே வரும் வோல்ட்டை அளந்து, அதன் வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 20 வோல்ட் என்றால் 50 வாட். மலிவான மல்டிமீட்டர்களின் ஏ.சி. அளவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகவே அமைந்தது. 1 கிலோஹெர்ட்ஸில் அவற்றை நம்பாமல் 100 ஹெர்ட்ஸில் அளப்பது நல்லது.

ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டுவதற்கு முன், உள்ளீடு இல்லாத நிலையில் அவுட்புட்டில் டி.சி. எவ்வளவு என்று பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுகள் இருக்கலாம். முழு வோல்ட்டுகளில் காட்டினால் ஸ்பீக்கர் சுருள் எரிந்துவிடும். பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயர்களில் இரு அவுட்புட் முனைகளில் எதுவுமே கிரவுண்டு அல்ல என்பதால், ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பைப் பற்றி மதுரை மாணவருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஒரு நிமிடம்கூட லோடு (ஸ்பீக்கரோ அந்த ரெசிஸ்டரோ) இல்லாமல் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அவற்றின் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே வடித்து, மீட்டரில் சுழியைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: மிடி வழியே கணினிக்கு எதுவும் போவதில்லை. கீபோர்டா, கேபிளா, எது பழுது?

இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ள 1983இல் வந்த முறையான மிடி, ஐந்து முனைப் பிளக்கில் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. தகவல் 4, 5ஆம் முனைகளில் மட்டும் செல்கிறது. மிடி அவுட்டின் 4ஆம் முனையில் எல்.இ.டி.யின் நீண்ட காலையும் 5ஆம் முனையில் குட்டைக் காலையும் செருகிக் கட்டைகளை அழுத்துங்கள். மினுக்கினால் கீபோர்டு நலம்; கேபிளின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஆறேழு முறை கேபிள்தான் பழுதாக இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து: பழைய யமஹா டி.எக்ஸ். 7 சின்தசைசர் ஒன்று கிடைத்தது. பேட்டரியை மாற்றலாமா?

மாற்றுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். அதிலுள்ள 32 ஒலிகளும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவில் நிற்பவை, கழற்றினால் மறைந்துவிடும். முதலில் மிடி வழியே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். கோர்க் பாலிசிக்ஸ் போன்ற சின்தசைசர்களில் இருப்பது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அது கசிந்து போர்டை அரித்துவிடும். கசிவு காரத்தன்மை உடையது என்பதால், சிறிது வினிகரால் துடைத்து, பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். அங்கே லித்தியம் போடுவதானால், சார்ஜ் ஏறாதபடி ஒரு டயோடைச் சேர்ப்பது கட்டாயம்.

சென்னையிலிருந்து: ரிச்சி தெருவில் வாங்கிய 2எஸ்சி5200 டிரான்சிஸ்டர்கள் போட்டவுடன் வெடிக்கின்றன.

ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் வரும் இந்த எண்ணிலும் அதன் ஜோடியான 2எஸ்ஏ1943இலும் போலிகள் மிகுதி. வெடித்த ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளேயிருக்கும் சிலிக்கான் சில் உளுந்தளவுகூட இல்லையென்றால் ஏமாற்றம் உறுதி. அடுத்த ஜோடியைச் சீரிஸ் பல்பு இல்லாமல் இணைக்காதீர்கள்.

சேலத்திலிருந்து: சரிசெய்து கொடுத்த கீபோர்டு கச்சேரியில் அரைமணி நேரத்தில் மீண்டும் நின்றுவிட்டது. மேசையில் நன்றாகத்தானே ஓடியது?

மூடியைத் திறந்து வைத்துச் சோதித்திருப்பீர்கள். மூடியைப் போட்டு நான்கு மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே கொடுக்க வேண்டும். சூடேறினால்தான் விரியும் ஈயப் பிளவுகள் உண்டு. இப்போது அதைத் திறந்து, ஹேர் டிரையரால் ஒவ்வொரு பகுதியாகச் சூடாக்கி, மூங்கில் குச்சியால் கனெக்டர்களையும் பெரிய கெப்பாசிட்டர்களின் அடியையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பவர் சாக்கெட்டின் காலில்தான் வட்டமான மெல்லிய கீறல் தெரியும். பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.