டிரினிடாட் பயணம்: அப்பாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி

64 வயது அப்பா, இன்சுலின் போடுபவர், மூன்று வாரத்தில் டிரினிடாட் பயணம், ஊசி அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். போவதைவிடத் திரும்பி வருவதில்தான் சிக்கல், சார். டிரினிடாட்டிலிருந்து வருகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். பக்கத்துத் தீவான டொபேகோவில் அந்தக் காய்ச்சல் அபாயம் இல்லை என்பது வேறு கதை.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் ஒன்று: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். முதலில் அப்பாவின் டாக்டரைப் பாருங்கள், இந்த வாரமே.

சான்றிதழாகத் தருகிற மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண், பெயரின் எழுத்து, முத்திரை எல்லாம் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். ஐஸ் பேக்கை ஒட்டி வைத்து நான் ஒரு இன்சுலின் பேனாவை உறைய விட்டிருக்கிறேன், உறைந்தால் குப்பைதான். துண்டில் சுற்றி வையுங்கள். மருந்துச்சீட்டும் கூடவே. டெங்கு கொசு பகலில் கடிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது.