தூண்டில் வரி: கொழும்பு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களின் காசை மீன்வளத்துக்கே திருப்பிவிடும் அமெரிக்க ஏற்பாடு பற்றி வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தை: தூண்டில்காரருக்காக அமெரிக்க அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறதாமே, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது அண்ணா?

தூண்டில்காரரிடமிருந்துதான் தம்பி. 1950இல் வந்த டிங்கெல்–ஜோன்சன் சட்டப்படி, மீன்பிடி உபகரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 10 சதவீத வரி. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் கட்டுவார்கள், கடை விலையில் அது சேர்ந்துவிடும். 1984இல் சட்டத்தை விரிவாக்கி, மோட்டார் படகு எரிபொருள் வரியையும் இதே நிதியில் சேர்த்தார்கள்.

கொட்டாஞ்சேனை: மாநிலங்களுக்கு எப்படிப் பிரிக்கிறார்கள்?

60 சதவீதம் காசு கட்டி மீன்பிடி லைசன்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கைப்படி, 40 சதவீதம் பரப்பளவுப்படி. எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மாநிலம் முதலில் தன் காசில் வேலையைச் செய்ய வேண்டும், அப்புறம் செலவில் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும்.

தெஹிவளை: இவ்வளவு காசு கிடந்தால் வேறு தேவைக்கு எடுக்க மாட்டார்களா?

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். மீன்பிடி லைசன்ஸுக்காக மாநிலம் வாங்கும் காசை மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறையின் வேலைகளைத் தவிர வேறெதற்கும் தொட மாட்டோம் என்று ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டசபையில் சட்டம் போட்டிருக்க வேண்டும். ரோடு போடவோ சம்பளப் பாக்கி தீர்க்கவோ எடுத்தால் மத்திய நிதிக்கான தகுதி போய்விடும். அதனால் கஷ்டமான வருடத்தில்கூட யாரும் இலேசில் கை வைப்பதில்லை. வரி எத்தனை வீதம் என்பதைவிட இந்தப் பூட்டுதான் முக்கியம்.

மொரட்டுவை: நான் பொல்கொடை வாவியில் தூண்டில் போடுகிறவன். இங்கே இது சரிவருமா?

வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சட்டப் பூட்டில்லாத ஆதரவுக்கு என்ன நடக்கும் என்று நாம் பார்த்தவர்கள். 1990இல் நன்னீர் மீன்வளத்துக்கான ஆதரவை அரசு நிறுத்தியது. குளங்களில் மீன் குஞ்சு விடுவது நின்றது, உற்பத்தி விழுந்தது. 1994இல்தான் ஆதரவு திரும்பியது. நக்டா என்ற தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபைக்கான சட்டம் 1998இல் வந்தது. இன்றும் அதன் பெரிய வேலை சாப்பாட்டு மீனுக்காகக் குளங்களில் குஞ்சு விடுவது. அதைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளூர்க் கிராமங்களுக்கு அது புரதம். ஆனால் நாம் தேடிப் போகிற கொடுவாய்க்கும் விராலுக்கும் ஆள் வேண்டுமே! இறக்குமதியாகும் விலை கூடிய ரொட், ரீல்களுக்கு மட்டும் சிறு வரி போட்டு, அதைத் திறைசேரியின் பொதுக் கணக்கில் கரைய விடாமல் தனி நிதியாகச் சட்டத்திலேயே கட்டிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மட்டக்குளி: அப்படியென்றால் கைத்தூண்டிலில் பிழைக்கிறவர் பாடு?

அவர் மீது ஒரு சதமும் ஏறக்கூடாது. நூல், சாதாரண முள், ஈயக்குண்டு, வலை எல்லாம் வரிக்கு வெளியே. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

பம்பலப்பிட்டி: சட்டம் வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

பிடித்ததை எழுதி வையுங்கள்: இனம், நீளம், இடம், திகதி, விட்டீர்களா கொண்டுபோனீர்களா. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வருடம் எழுதினால், மட்டக்குளியில் இருக்கும் நாரா என்ற அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். திருப்பி விடுகிற மீனை ஈரக் கையால் பிடியுங்கள், தூண்டில் முள் நுனியின் உள்பக்கத்துச் சிறு கொக்கியை முதலே நசுக்கிவிடுங்கள்.