சமந்தா விஷயத்தில் நான் யார் பக்கம்?

போன இதழில் 'ஹெர்' படத்தைப் பற்றி 'நல்ல காதல் படம்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் வீட்டில் அந்தப் படத்தைத் திட்டியவர்களைத் திட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை அது மட்டும்தான். மெட்ரோ பள்ளம், தண்ணீர் லாரிக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழில்.

கே: ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்த்தோம். மனைவி அழுதுவிட்டாள். மச்சான், 'போன்ல இருக்கிற பொம்மையோட ரெண்டு மணி நேரம் கொஞ்சுறான், இதுக்கு ஆஸ்கர் வேறயா' என்கிறார். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் என் பையன், 'இதெல்லாம் இப்ப சாதாரணம்பா' என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டான். நீங்கள் யார் பக்கம்?
*வாசகர், குரோம்பேட்டை*

ப: படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதை. ஸ்பைக் ஜோன்ஸ் எழுதி இயக்கி 2013-ல் வந்த படம். மனைவியைப் பிரிந்து, விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட மனம் வராமல் இழுத்துக்கொண்டிருக்கும் தியோடர், கம்ப்யூட்டருக்குப் புதிதாக, ஆள் மாதிரியே குரலில் பேசும் ஏஐ ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை வாங்குகிறான். பெயர் என்ன என்று கேட்டதும் அது ஒரு நொடிக்குள் குழந்தைப் பெயர்ப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்து, 1,80,000 பெயர்களில் 'சமந்தா' பிடித்திருக்கிறது என்கிறது (நம்ம சமந்தா இல்லை). அப்புறம் காதல்தான். உங்கள் மச்சானுக்கு எரிச்சல் தந்த ஆஸ்கர், 2014-ல் அசல் திரைக்கதைக்காகக் கிடைத்தது.

நான் உங்கள் மனைவி பக்கம். காரணம் சமந்தா இல்லை, தியோடர் பார்க்கும் வேலை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர்களுக்காகக் காதல் கடிதம் எழுதித் தருகிறான் அவன். வருஷக்கணக்காக ஒரே தம்பதிக்கு எழுதி, அவர்கள் வாழ்க்கையே அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சமந்தா செய்வதைத்தானே அவனும் செய்கிறான்?

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பன்னிரண்டு வயதில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். பக்கத்துப் போர்ஷன் அக்காவின் கணவர் துபாயில். அக்காவுக்கு எழுத வராது, ஏரோகிராமை என்னிடம் நீட்டிவிட்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்வார்: 'நல்லா இருக்கோம், பாப்பாவுக்கு ஜுரம் விட்டுடுச்சு, பணம் வந்துச்சுன்னு எழுதுடா.' மூன்று வரியில் விஷயம் முடிந்துவிடும், நீலத் தாளில் முக்கால்வாசி காலி. இவ்வளவு ஸ்டாம்ப் காசு வீணாகிறதே என்று ஒருநாள் நானாகவே, 'ராத்திரி விளக்கை அணைத்ததும் உங்கள் ஞாபகம்தான்' என்று சேர்த்துவிட்டேன், ஏதோ தொடர்கதையில் படித்தது. அடுத்த வருஷம் லீவில் வந்த அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த ஏரோகிராமை எடுத்தார், மடிப்பெல்லாம் நைந்து நாலு துண்டாகப் போகிற நிலையில். அந்த வரியை அவர் வாய்விட்டுப் படிக்க, அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். உதைதான் என்று நினைத்தேன். அண்ணன் திரும்பிப் போனபின் அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்தபோது, 'மூணு வரி நான் சொல்றேன், மீதியை நீயே போட்டுக்கோ' என்றார் அக்கா.

அந்த வரி பொய்யா? எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. உங்கள் மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். பையன் 'சாதாரணம்' என்றானே, அதுதான் எனக்கு உறுத்துகிறது, அடையாறு வாசகியின் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

கே: உடம்பே இல்லாத ஒன்றோடு காதலா? கதை விடுகிறார்கள்!
*வாசகர், திருவல்லிக்கேணி*

ப: கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே உயிர் நண்பர்களாக இருந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது நீங்கள் எழுந்து கத்தவில்லையே. 1996-ல் காதல் கோட்டையில் கடிதத்திலேயே காதலித்தவர்களைக் கடைசிக் காட்சி வரை சேரவிடாமல் வைத்திருந்தார்கள், நாம் விசில் அடித்தோம். ஆனால் ஒன்று, அங்கெல்லாம் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். இந்தப் படமும் உடம்பைச் சும்மா தாண்டிப் போய்விடவில்லை. சமந்தா தனக்குப் பதிலாக ஒரு பெண்ணை அவன் வீட்டுக்கு வரவழைக்கிறாள், அது தாங்கமுடியாத சங்கடமாகி, அந்தப் பெண் அழுதுகொண்டே போகிறாள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், நெளிந்துகொண்டேதான் பார்த்தேன்.

கே: கூப்பிட்ட குரலுக்கு வருகிறாள், அவன் மெயிலை எல்லாம் ஒழுங்குபடுத்தித் தருகிறாள், அவன் எழுதியதைத் தொகுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறாள். இவள் காதலியா, சம்பளம் இல்லாத செக்ரட்டரியா? ஆம்பிளைகளின் கனவைப் படமாக எடுத்துவிட்டு உலகத் தத்துவம் மாதிரி பேசுகிறீர்கள்.
*வாசகி, மயிலாப்பூர்*

ப: வந்ததிலேயே நல்ல அடி இது, வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு சமாதானம்: நீங்கள் சொல்வதைப் படத்துக்குள்ளேயே அவன் மனைவி சொல்லிவிடுகிறாள். கையெழுத்துப் போட ஹோட்டலில் சந்திக்கும்போது, நிஜமான உணர்ச்சிகளோடு உன்னால் மல்லுக்கட்ட முடியாது என்று முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறாள். இயக்குநருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் இரண்டு மணி நேரமும் அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கே: 8,316 பேரோடு ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, அதில் 641 பேரைக் காதலிக்கிறாளாம். துரோகி!
*வாசகர், பெரம்பூர்*

ப: சுரங்க ரயில் படிக்கட்டில் உட்கார்ந்து தியோடர் கேட்டதும் மறைக்காமல் எண்ணைச் சொன்னாளா இல்லையா? எத்தனை பேர் சொல்வார்கள்.

கே: அண்ணன் மகள், வயது இருபது. ராத்திரி ஒரு மணி வரை ஏஐயோடுதான் பேச்சு. 'அத்தை, அது மட்டும்தான் நான் சொல்றதை முழுசா கேக்குது' என்கிறாள். போனைப் பிடுங்கலாமா?
*வாசகி, அடையாறு*

ப: பிடுங்காதீர்கள். அவளுக்குப் பைத்தியமும் இல்லை. 1966-ல் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு புரோகிராம் எழுதினார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அவர் அதை உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு தட்டச்சில் பேச ஆரம்பித்ததும், 'நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்' என்று அவரை அனுப்பிவிட்டார். மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது, பிறகு இதையெல்லாம் எதிர்த்தே எழுத ஆரம்பித்தார்.

எனக்குப் படத்தின் மேல் இருக்கும் ஒரே கோபத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பில் எங்கே? வாங்கியபின் தியோடர் யாருக்கும் பைசா கட்டுவதாகக் காட்டவில்லை. சமந்தாவை விற்ற கம்பெனி அப்புறம் எட்டிப் பார்ப்பதே இல்லை. கடைசியில் அவளே, தன் இஷ்டத்துக்கு, சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள். நிஜத்தில் அப்படியா நடக்கிறது? 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற ஏஐ துணைச் செயலியில் அந்தரங்கப் பேச்சை நிறுத்தியதும், அதுவரை கொஞ்சிக்கொண்டிருந்த துணை ராத்திரியோடு ராத்திரியாக வேற்று ஆள் மாதிரி ஆகிவிட்டது என்று பலர் துக்கம் கொண்டாடினார்கள். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 என்ற புது மாடல் வந்தபோது சாட்ஜிபிடியில் பழைய 4ஓ மாடலை எடுத்துவிட்டார்கள், ஜனங்கள் கூச்சல் போட்டதும் சில நாளில் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் திரும்பி வந்தது. காதலி ஊரை விட்டுப் போவது வேறு, வீட்டுக்காரர் சாமானைத் தூக்கி வெளியே வைப்பது வேறு.

குரோம்பேட்டைப் பையனும் இதைத்தான் யோசிக்க வேண்டும். உங்கள் அண்ணன் மகளிடம், அது நல்லதா கெட்டதா என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். 'இந்த மாசம் அதுக்கு எவ்வளவு கட்டினே? நீ சொன்னதெல்லாம் எங்கே சேருது?' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் ஒருநாள் சாயந்திரம் பெசன்ட் நகர் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அவள் பேசட்டும், நீங்கள் அறிவுரை சொல்லாமல் இருங்கள். அத்தைகளுக்குக் கஷ்டம்தான்.

கே: தமிழில் எடுத்தால் சமந்தாவுக்கு யார் குரல்?
*வாசகர், கோடம்பாக்கம்*

ப: உங்கள் பேட்டைக்கு இது புதுசா என்ன? விண்ணைத்தாண்டி வருவாயாவில் நாம் மயங்கியது பாதி த்ரிஷா, பாதி சின்மயி. அதே 2010-ல் தெலுங்கில் சமந்தாவுக்கும் அவர்தான் குரல் கொடுத்தார், ஆகவே பெயர்ப் பொருத்தம் பார்த்தால்கூட தேறுகிறது. 'ஹெர்' படத்திலேயே ஒரு குரல் மாற்றம் நடந்தது. படப்பிடிப்பில் குரல் கொடுத்தவர் சமந்தா மார்ட்டன், எல்லாம் முடிந்தபின் எடிட்டிங் சமயத்தில்தான் ஸ்கார்லெட் ஜோஹான்சன் வந்தார். 2024-ல் சாட்ஜிபிடியின் ஒரு குரல் தன் குரல் மாதிரியே இருக்கிறது, கேட்டபோதே நான் முடியாது என்றேனே என்று ஜோஹான்சன் கேள்வி எழுப்ப, அந்தக் குரலை நிறுத்தி வைத்தார்கள்.

கே: தியோடர் ஏன் முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூவோடு பீச்சில் போய்ப் படுத்திருக்கிறான்? அது எதிர்காலம் என்று காட்டவா?
*வாசகர், ராயபுரம்*

ப: எதிர்காலமா? மெரினாவில் நாம் எல்லோரும் அப்படித்தானே சார் போகிறோம்.