'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் அந்த முகமூடியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஒரு கடிதம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் படமே அந்தக் கடிதம்தான். கதையின் முக்கிய முடிச்சைத் தொடாமல் இதை எழுத முடியாது. அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சர்வாதிகாரத்தின் பிடியில் இருக்கிற பிரிட்டன். ஊரடங்கு, ஒட்டுக்கேட்கும் வண்டிகள், அரசு சொல்வதை மட்டுமே சொல்லும் தொலைக்காட்சி. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போய்ப் பிடிபட்ட கை ஃபாக்ஸின் முகத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டு, வி என்பவன் அந்த அரசை எதிர்க்கிறான். அவனோடு வந்து சேர்கிறவள் ஈவி.

கல்லூரி விடுதியில், நண்பனின் மடிக்கணினியில்தான் முதலில் பார்த்தேன். சண்டைக் காட்சிகளுக்காக உட்கார்ந்தோம். பாதிப் படத்துக்கு மேல் அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஈவி பிடிபடுகிறாள். தலையை மழிக்கிறார்கள் (ஈவியாக நடித்த நாட்டலி போர்ட்மேனின் முடியை நிஜமாகவே கேமரா முன் மழித்தார்கள்). இருட்டறை, விசாரணை, மறுபடி இருட்டறை. சுவரில் ஓர் எலிப்பொந்து. அதற்குள் கழிவறைத் தாளில் எழுதிய கடிதம். எழுதியவள் வேலரி, ஒரு நடிகை. ஒரு பெண்ணைக் காதலித்ததற்காக அடைக்கப்பட்டவள். பள்ளிக்கூடம், வீட்டைவிட்டுத் துரத்திய பெற்றோர், காதலியோடு ரோஜா வளர்த்து வாழ்ந்த மூன்று வருடம் எல்லாவற்றையும் எழுதுகிறாள். தன்னில் ஓர் அங்குலத்தை மட்டும் அவர்களால் எடுக்க முடியாது, அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறாள். யார் கையில் கிடைக்கும் என்றே தெரியாத அந்தக் கடிதத்தை, படிக்கிறவரை நேசிக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறாள். வியைக் காட்டிக்கொடு, இல்லாவிட்டால் சுட்டுவிடுவோம் என்கிறபோது ஈவி சாவைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்தக் கடிதம்தான் தெம்பு. படத்தில் எத்தனையோ வெடிக்கிறது. எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அப்புறம்தான் அந்த இடி. அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. காவலாளி வெறும் பொம்மை. அவளை அடைத்து வதைத்தது வியேதான், அவள் பயத்தைப் போக்குவதற்காகவாம்! கடிதம் மட்டும் உண்மை. முன்பு அவனே கைதியாக இருந்தபோது பக்கத்து அறையிலிருந்து அவனுக்கு வந்தது அது.

வி செய்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அரசு அவனுக்குச் செய்ததையே அவன் ஈவிக்குச் செய்கிறான். நல்ல நோக்கம் என்பதால் சித்திரவதை வேறொன்றாக மாறிவிடாது. ஆனால் அடுத்ததாக மாடியில் மழை பெய்கிறது, அவள் கைகளை விரித்து நிற்கிறாள், காட்சி அத்தனை அழகாக இருக்கிறது. அந்த அழகு வியை ரொம்பச் சுலபமாக மன்னித்துவிடுகிறது. இயக்குநர் ஜேம்ஸ் மெக்டீக் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

முடிந்தால் மூலமான சித்திரக்கதையையும் படியுங்கள். ஆலன் மூர் எழுத, டேவிட் லாயிட் வரைந்தது. 1982இல் 'வாரியர்' இதழில் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, இதழ் நின்றுபோனதால் பாதியில் நின்று, பின்னர் டிசி காமிக்ஸ் மூலம் நிறைவடைந்தது. அதில் வி ஓர் அராஜகவாதி, அதாவது அரசு என்பதே வேண்டாம் என்கிறவன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பதை மூர் நம்மிடமே விட்டுவிடுகிறார். படம் அவனை நாயகனாக்கிவிட்டது. மூர் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் படத்தில் லாயிட் பெயர் மட்டும்தான் வரும். ஆனாலும் வேலரியின் கடிதத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்காக நான் படத்துக்கு நன்றி சொல்வேன்.

கடைசியில் முகமூடி போட்ட பெருங்கூட்டம் நாடாளுமன்றத்தின் முன் வந்து நிற்கிறது. ஒவ்வொருவராக முகமூடியைக் கழற்றுகிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அந்த முகங்களை நிதானமாகக் கவனியுங்கள். ஏற்கெனவே செத்துப்போனவர்கள் இருப்பார்கள். வேலரியும் நிற்பாள்.